தாம்பரத்தில் ஒரு வெள்ளைக்காரன் வீட்டு அடுப்படி

கட்டடம் பார்ப்பது என் பைத்தியம். யாரிடமும் உட்கார்ந்து படித்ததல்ல. மலேசியாவில் தைப்பிங் ரயில் நிலையத்தில் சரக்குக் குமாஸ்தா வேலை எனக்கு. அங்கே துரைமார் கிளப் ஒன்றை மூடியபோது பழைய புத்தகங்களைக் கட்டுக் கட்டாகத் தெருவில் போட்டார்கள். தூண், வளைவு, கூரை என்று படம் போட்ட இரண்டு புத்தகம் என் கைக்கு வந்தது. அன்றைக்குப் பிடித்ததுதான் இந்தக் கழுத்து வலி. எந்த ஊருக்குப் போனாலும் மேலே பார்த்தே நடப்பேன். "கீழே பார்த்து நடந்தா காசு கிடைக்கும், மேலே பார்த்து நடந்தா காக்கா எச்சம் கிடைக்கும்" என்பாள் என் மனைவி. இரண்டாவது எனக்கு நிறையவே கிடைத்திருக்கிறது.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஓர் ஐப்பசி மாதம் நான் தாம்பரத்துக்குப் போனேன். அங்கே எஸ்தர் அக்கா இருக்கிறாள். எங்கள் அப்பா வேலைக்காக மலாயாவுக்குப் போனவர். அக்காவை மட்டும் படிக்கட்டும் என்று சின்ன வயதிலேயே மெட்ராஸுக்கு அனுப்பிவிட்டார். அவள் டீச்சரானாள், தானியேல் அத்தானைக் கட்டிக்கொண்டாள். சுதந்திரத்துக்குப் பிறகு ஆங்கிலோ இந்திய ரயில்வே அதிகாரி ஒருவர் ஊரைவிட்டுக் கிளம்பியபோது அவருடைய பங்களாவை இவர்கள் வாங்கினார்கள். நான் பார்த்தது அதன் புகைப்படம்தான், அதுவும் முன்பக்கம் மட்டும்.

போனதற்குக் காரணம், இரண்டு பேரும் தனித்தனியாகக் கூப்பிட்டது. "மச்சான், வந்து வீட்டைப் பார். உன் அக்காவுக்கு அதோட அருமையைச் சொல்லு" என்று அத்தான் எழுதினார். "தம்பி, வந்து வீட்டைப் பார். உன் அத்தானுக்குப் புத்தி சொல்லு" என்று அக்கா எழுதினாள். ஒரே வீட்டிலிருந்து, ஒரே வாரத்தில். சரி, ஏதோ இருக்கிறது என்று பெட்டியைக் கட்டினேன். தைலம் நாலு டஜன், கைலி ஒரு கட்டு. மலேசியாவிலிருந்து வருகிறவன் தைலமில்லாமல் இறங்கினால் இந்த ஊரில் மனுஷனாகவே மதிக்கமாட்டார்கள்.

தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் சைக்கிள் ரிக்ஷா பிடித்தேன். ஓட்டுகிறவர் என் பெட்டியையும் சட்டையையும் பார்த்தார்.

"எங்கேர்ந்து வர்ற சார்?"

"மலேசியா."

"வேலையா?"

"இல்லப்பா. ஒரு பழைய பங்களா, அதைப் பார்க்க."

"வாங்கப் போறியா?"

"சும்மா பார்க்கத்தான்."

அவர் மிதிப்பதை நிறுத்திவிட்டுத் திரும்பினார். "இன்னா சார் இது பேஜாரு? வெள்ளக்காரன் வுட்டுட்டுப் போன வூட்டைப் பாக்கவா கப்பலேறி வந்துகினு கீற? அவனே வாணாம்னு பூட்டான் சார்!"

இதற்குப் பதில் என் இரண்டு புத்தகத்திலும் இல்லை.

வீடு புகைப்படத்தைவிட நன்றாக இருந்தது. குதிரை வண்டி வந்து நிற்பதற்கென்று கட்டிய முன் போர்ட்டிகோ, நாலு உருண்டைத் தூண். இப்போது அங்கே அத்தானின் சைக்கிள் நிற்கிறது. சன்னல்களில் சாய்த்து வைத்த மரப்பட்டிகள். வெயிலைத் தடுக்கும், காற்றைத் தடுக்காது. உள்ளே போனால் தலைக்கு மேல் இன்னொரு வீடே கட்டலாம், அவ்வளவு உயரம். மேலே தேக்கு உத்திரங்கள், அவற்றின் மேல் செங்கல்லைக் குத்துக்குத்தாக நிறுத்திச் சுண்ணாம்பு போட்ட மெட்ராஸ் டெரஸ். உத்திரங்களுக்குச் சற்றுக் கீழே வரிசையாகச் சின்ன வென்டிலேட்டர்கள். அதில் சிட்டுக்குருவிக் குடும்பங்கள்.

"ஏணி போட்டு வருஷா வருஷம் நானே எண்ணெய் தேய்க்கிறேன் மச்சான், அந்த உத்திரத்துக்கு" என்றார் அத்தான். சட்டையைக் கழற்றிவிட்டு பனியனோடு நின்றார். அரசாங்க ஆபீஸில் இருந்து அந்த வருஷம்தான் ஓய்வு பெற்றிருந்தார். ஆபீஸ் போனபின் அவருக்குக் கிடைத்த புது உத்தியோகம் இந்த வீடு என்று பார்த்த உடனே தெரிந்தது.

வாசற்படி ஓரத்தில் இரண்டு குட்டைக் கம்பிகளுக்கு நடுவே ஒரு இரும்புத் தகடு நட்டிருந்தது. நான் குனிந்து பார்த்துச் சந்தோஷப்பட்டேன். "அத்தான், இது பூட்ஸ் சுரண்டி. வெள்ளைக்காரன் மழையில வந்தா இதுலதான் அடிச்சேறைச் சுரண்டிட்டு உள்ளே போவான்."

அத்தான் முகம் வெளுத்தது. "நாங்க இதுல தேங்காய் உரிக்கிறோமே!" உடனே துண்டை எடுத்து அதைத் துடைக்க ஆரம்பித்தார்.

"வந்து கால்மணி ஆகல, ஒரு சாமானைப் பிடுங்கிட்டியா?" என்றாள் அக்கா. "இனி நான் தேங்காயை எதுல உரிக்கிறது?"

சாப்பாட்டு அறை ஒன்று தனியாக இருந்தது. பத்துப் பன்னிரண்டு பேர் உட்காரும் மேசை. ஆனால் சமையல் வாசனையே இல்லை. "சமையலறை எங்கே அக்கா?" என்றேன். அவள் பின்பக்கச் சன்னலைத் திறந்து விரலை நீட்டினாள். முற்றம், அதற்கு அப்பால் கிணறு, கிணற்றுக்கும் அப்பால் மாமரத்தடியில் ஒட்டிக்கொண்டு நிற்கிற ஓட்டுக் கட்டடம். அதுதான் சமையலறை.

புத்தகத்தில் இது நான் படித்ததுதான். புகை, தீ, வாசனை எதுவும் வீட்டுக்குள் வரக்கூடாது என்று சமையற்கட்டைத் தள்ளிக் கட்டுவார்கள். வரைபடத்தில் பார்க்க அழகாக இருக்கும். ஒரு சின்னச் சதுரம். அந்தச் சதுரத்திலிருந்து அக்கா முதலில் சோற்றைக் கொண்டு வந்தாள். திரும்பிப் போய் மீன் குழம்பைக் கொண்டு வந்தாள். இன்னொரு தடவை போய் ரசம். அப்பளம் வந்தபோது தொட்டால் வளைந்தது. சோறு ஆறிவிட்டது. "நீயும் உட்காரேன்" என்றேன். "நான் அங்கேயே தின்னுட்டேன்டா, நடு நடுவுல" என்றாள். குழம்புக் கிண்ணத்தை வைத்தபோது அவள் வலது கையைப் பார்த்தேன். முழங்கைக்குக் கீழே தோல் வேறு நிறமாக இருந்தது.

"போன மழையில ரசச்சட்டியோட வழுக்கிட்டேன்" என்றாள், ரசத்தை ஊற்றிக்கொண்டே. "இந்த மழைக்குள்ள அடுப்பு வீட்டுக்குள்ள வரணும் தம்பி. இல்லாட்டி நான் செம்பாக்கத்துக்கு மக வீட்டுக்குப் போயிடுவேன். ரெண்டே ரூம். ஆனா கை நீட்டினா அடுப்பு."

"சும்மா சொல்றா" என்றார் அத்தான்.

அக்கா சும்மா சொல்கிறவள் இல்லை. எனக்குக் கொடுத்த அறையில் கட்டிலுக்கடியில் என் பெட்டியைத் தள்ளப் போனேன். அங்கே அவள் பெட்டி முன்பே கட்டி வைத்திருந்தது.

மறுநாள் அக்கா பள்ளிக்கூடம் போனதும் அத்தான் என்னைப் பரங்கிமலைக்குக் கூட்டிப் போனார். "நம்ம வீட்டைப் போல அங்கே எத்தனையோ இருக்கு மச்சான். ஒருத்தராவது அடுப்பை உள்ளே கொண்டு வந்திருக்காங்களா, நீயே பாரு." ஸ்டேஷன் பக்கத்து ஹோட்டலில் இட்லியும் வடைகறியும் சாப்பிட்டோம். வடைகறி தைப்பிங்கில் கிடையாது. மிஞ்சின வடையை உதிர்த்துப் போட்டுக் குழம்பாக்கியது என்றார்கள். மிஞ்சினது இவ்வளவு ருசி என்றால் முதலில் சுட்ட வடை எப்படி இருந்திருக்கும் என்று நான் கேட்டேன். "அதைச் சாப்பிட்டவங்க சொல்லமாட்டாங்க" என்றார் பரிமாறியவர்.

பரங்கிமலையில் பட்டாளத்துக் காலத்து பங்களாக்கள் மரங்களுக்குள் நின்றன. சில வீடுகளில் தூண்களுக்கு நடுவே பாதிச் சுவர் எடுத்து அறையாக்கி வாடகைக்கு விட்டிருந்தார்கள். ஒரு வேலிக்கு மேலே நான் எம்பிக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து ஒரு குரல் ஆங்கிலத்தில், "வாடகைக்கா? அந்த அறை போய்விட்டது" என்றது. பூப்போட்ட கவுன் அணிந்த ஆங்கிலோ இந்திய அம்மாள். ஃப்ளோரா என்று பெயர் சொன்னார். கட்டடம் பார்க்க வந்தோம் என்றதும் சிரித்துவிட்டு உள்ளே கூப்பிட்டு டீ கொடுத்தார். டீ சுடச்சுட இருந்தது. அத்தானும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"உங்கள் அடுப்பு எங்கே?" என்று அத்தான் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

அந்த அம்மாள் ஒரு கதவைத் திறந்து காட்டினார். குளியலறை. பீங்கான் தொட்டிக்கு மேல் பலகை போட்டு அதில் மண்ணெண்ணெய் ஸ்டவ். "என் அம்மா சமையற்கட்டுப் பக்கம் போனதே இல்லை" என்றார். "மணி அடித்தால் சமையல்காரன் வருவான். இப்போது மணி அடிக்கிறவளும் நான், ஓடி வருகிறவளும் நான். அதனால் அடுப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன்."

திரும்பும் வழியெல்லாம் அத்தானுக்கு உற்சாகம். "பார்த்தியா! குளியலறை! சுவரை இடிக்க வேண்டாம், தண்ணி போக வழி இருக்கு, உத்திரத்துக்கு ஒண்ணும் ஆகாது." எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. அதற்குள் பல்லாவரம் தாண்டியதும் மின்சார வண்டி நின்றுவிட்டது. கரண்ட் இல்லை. வெளியே மழை பிடித்துக்கொண்டது. ஒருவர் ஸ்டேஷன் மாஸ்டரைத் திட்டினார், இன்னொருவர் மழையைத் திட்டினார். எங்கள் ஊரில் வண்டி நின்றால் யாரும் யாருடனும் பேசமாட்டார்கள். இங்கே நின்ற கொஞ்ச நேரத்தில் எனக்கு எதிரே இருந்தவரின் மகள் கல்யாணம்வரை தெரிந்துவிட்டது. வேர்க்கடலைக்காரர் மட்டும் எதுவும் திட்டாமல் பெட்டி பெட்டியாக ஏறி இறங்கினார். "உனக்குக் கவலையே இல்லையா?" என்று கேட்டதற்கு, "வண்டி நின்னாத்தான் சார் நம்ம பொயப்பு ஓடும்" என்றார். கடைசியில் தண்டவாளத்தில் இறங்கிக் குரோம்பேட்டைவரை நனைந்துகொண்டே நடந்தோம்.

வீட்டுக்கு வந்து தலையைத் துவட்டும்போதே அத்தான் குளியலறைத் திட்டத்தை அக்காவிடம் சொன்னார். அவள் அப்போதுதான் குடையும் கையுமாக முற்றத்தைத் தாண்டி எங்களுக்குக் காப்பி கொண்டு வந்திருந்தாள்.

"கக்கூஸ்ல சோறாக்கச் சொல்றீங்களா?"

"குளியலறைதானே எஸ்தர்."

"அந்த ரூமோட பின்கதவு எதுக்குன்னு தெரியாதா உங்களுக்கு? அதுவழியாத் தினம் ஒரு மனுஷன் வந்து வாளியில எடுத்துட்டுப் போனாரு. அந்த எடத்துல நான் அரிசி களையணுமா?"

அத்தான் துவட்டிய தலையையே மறுபடி துவட்டினார். அந்தக் காப்பியைக் குடிக்கும்போது எனக்கு ஒரு விஷயம் உறைத்தது. வெள்ளைக்காரன் கழிப்பதைப் படுக்கைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டான். சமைப்பதைத் தோட்டத்துக்குத் தள்ளினான். நம் ஆள் அடுப்பை வீட்டுக்கு நடுவே வைத்துக்கொண்டு, மற்றதைத் தோட்டத்துக்குத் தள்ளுவான். இரண்டுக்கும் சுத்தம் என்றுதான் பெயர். சட்டையை உள்பக்கம் வெளியே தெரியத் திருப்பிப் போட்டதுபோல ஒரு வீட்டுக்குள் என் அக்கா இருபது வருஷத்துக்கு மேல் குடியிருக்கிறாள். என் புத்தகங்களில் அந்தப் பின்கதவுக்கு 'வேலையாள் கதவு' என்று மட்டும் போட்டிருக்கும். நானும் அதை அப்படியே நம்பிப் பக்கத்தைப் புரட்டிவிட்டேன்.

"தைப்பிங்ல துரை பங்களாக்களில் சமையற்கட்டு வரைக்கும் கூரை போட்ட நடைபாதை இருக்கும் அக்கா. மழை ஊராச்சே" என்றேன், ஏதாவது சொல்ல வேண்டுமே என்று.

"கூரை போட்டா மழை நிக்கும். நடை நிக்குமா?" என்றாள்.

மூன்றாம் நாள் கோவிந்தன் மேஸ்திரி வந்தார். அத்தானுக்கு எந்தச் சுவரைத் தொடுவதிலும் சம்மதமில்லை. அக்காதான் ஆளனுப்பிக் கூப்பிட்டிருந்தாள். மேஸ்திரி வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு வீட்டை ஒரு சுற்று வந்தார். போர்ட்டிகோவில் நின்றார்.

"டீச்சரம்மா, அக்னி மூல இதான். இங்க நாலு பக்கமும் சொவுரு எயுப்பிட்டா அடுப்படி ரெடி."

அத்தான் அலறிவிட்டார். "முன்வாசல்ல அடுப்பா? ஊர் சிரிக்கும்யா! நாங்க கிறிஸ்தவங்க, எங்களுக்கு என்ன அக்னி மூலை?"

"நெருப்புக்கு சாதி மதமெல்லாம் தெரியாது சார்" என்றார் மேஸ்திரி. "அதுவுமில்லாம இந்தத் தூணுங்கல்லாம் சும்மா. உள்ள ஒண்ணும் கெடையாது." சொல்லிக்கொண்டே ஒரு தூணை ஓங்கிக் குத்தினார். முழுச் செங்கல் தூண். கையை உதறிக்கொண்டே, "இந்தத் தூண்ல மட்டும் கீது போல" என்றார். பிறகு வானத்தைப் பார்த்து, மழை விட்டதும் வருகிறேன் என்று கிளம்பினார்.

"மழை விட்டப்புறம் அடுப்பு எங்க இருந்தா எனக்கென்ன?" என்றாள் அக்கா அவர் முதுகைப் பார்த்து. பிறகு என் பக்கம் திரும்பினாள். "நீ சொல்லுடா. உன்னைத்தானே வரவழைச்சோம். எங்கே வைக்கலாம்?"

பின் தாழ்வாரம் என்றேன். சாரல் அடிக்கும் என்றாள். கிழக்கு அறை என்றேன். அதில் அத்தானின் புத்தக அலமாரி. சாப்பாட்டு அறை என்று வாய்வரை வந்தது. அத்தான் அண்ணாந்து உத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், விழுங்கிவிட்டேன். "நல்லா யோசிச்சுச் சொல்றேன் அக்கா." அவள் பாத்திரங்களை எடுத்துக்கொண்டு முற்றத்தில் இறங்கினாள். "யோசி, யோசி. மழை யோசிக்காது."

மழை யோசிக்கவில்லை. நாலாம் நாள் விடிந்தபோது முற்றம் குளமாகிக் கிடந்தது. கிணற்றுச் சுவர் மட்டும் வளையம்போலத் தெரிந்தது. பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை. செம்பாக்கத்தில் ஏரி நிரம்பி வழிகிறது என்று பால்காரர் சொல்லிப் போனார். அத்தான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அக்கா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் போனாள். திரும்பி வந்தபோது தலையில் ஒரு கூடை, இடுப்பில் திரி ஸ்டவ். நான் ஓடிப்போய்க் கூடையை வாங்கினேன். அவள் நேரே சாப்பாட்டு அறைக்குள் போய், மேசைக்குப் பக்கத்தில் தரையில் ஸ்டவ்வை வைத்துத் தீக்குச்சியைக் கிழித்தாள்.

"என்ன பண்றே?" அத்தான் பேப்பரோடு எழுந்து வந்தார்.

"சமையல்."

"இங்கேயா?"

"பின்னே? நீந்திப் போகவா?"

அத்தான் அண்ணாந்து உத்திரத்தைப் பார்த்தார். எண்ணெய் தேய்த்துத் தேய்த்து அது கருகருவென்று மின்னிக்கொண்டிருந்தது. "புகை பிடிச்சுப் போயிடும் எஸ்தர். கரி அடையும். இதெல்லாம் யோசிச்சுத்தான் வெள்ளைக்காரன் வெளியே வெச்சான்."

"எந்த வெள்ளைக்காரி சமைச்சா?" என்றாள் அக்கா, புளியைக் கரைத்துக்கொண்டே. "அவ ஒரு நாள் அந்த முற்றத்துல ரசச்சட்டியைத் தூக்கிட்டு நடந்திருந்தா, மறுநாளே அவ புருஷன் இங்கே அடுப்பு கட்டியிருப்பான்."

எண்ணெய் காய்ந்தது. கடுகு வெடித்தது. அவள் காய்ந்த மிளகாயை ஒரு கை அள்ளிப் போட்டாள். வேண்டுமென்றே கொஞ்சம் கூடுதலாகத்தான் போட்டாள் என்று இப்போதும் நினைக்கிறேன். தைப்பிங்கில் எங்கள் கடைவீட்டு வரிசையில் ஒரு வீட்டில் மிளகாய் தாளித்தால் அஞ்சாறு வீடு தும்மும். அத்தான் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார். நானும் கண்ணை மூடத் தயாரானேன்.

ஆனால் கமறல் வரவில்லை. புகை எழும்பியது, தொங்கவிட்ட துணியை யாரோ மேலேயிருந்து இழுப்பதுபோல நேரே உயர்ந்தது. உத்திரத்துக்குக் கீழே, வென்டிலேட்டர் வரிசைப் பக்கம் சாய்ந்து, மழைக்குள் போய்க்கொண்டே இருந்தது. ஒரு குருவி மட்டும் கூட்டிலிருந்து கோபமாக வெளியே பறந்தது. சூடான காற்று மேலே ஏறி அந்த வழியாகப் போகும் என்று எத்தனையோ தடவை படித்திருக்கிறேன். அம்பு போட்டுப் படம்கூட இருக்கும். கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான், அதுவும் மிளகாய்ப் புகையில்.

"அத்தான், வேலை செய்யுது!" என்று கத்திவிட்டேன். "இந்த வீட்டுலயே சமையலுக்குத் தோதான ரூம் இதுதான்! உத்திரத்துக்குக் கீழேயே புகை வெளியே போயிடுது, பாருங்க!"

அவர் துண்டை மூக்கிலிருந்து எடுத்தார். ஒரு தடவை மெதுவாக மூச்சை இழுத்துப் பார்த்தார். "இன்னைக்கு ஒரு நாள். மழைக்காக" என்றார்.

அந்த நேரம் பார்த்து முடிச்சூரிலிருந்து கீரை விற்கும் அம்மா கோணியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். சின்ன வயதுக்காரர், பேச்சில் மட்டும் பெரிய மனுஷி. உள்ளே எட்டிப் பார்த்தார்.

"இன்னாம்மா டீச்சரே, அடுப்பு வூட்டுக்குள்ள வந்துகினு கீது?"

"இன்னைக்கு மட்டுமாம்" என்றாள் அக்கா.

"யாரு சொன்னா? நல்லா கீதும்மா, இப்டியே வெச்சுக்க. அடுப்பில்லாத வூடு இன்னா வூடு? அது ஆபீஸு!"

அக்கா சிரித்தாள். நான் சிரித்தேன். அத்தான் சிரிக்கவில்லை. காலமெல்லாம் ஆபீஸில் இருந்துவிட்டு, அதிலிருந்து விடுபட்டு வந்து உட்கார்ந்திருக்கிறவர். கீரைக்காரம்மா போன பிறகும் அவர் சாப்பாட்டு அறை வாசலில் நின்று, அந்தப் பெரிய மேசையையும் சுவரையும் உத்திரத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஏணியைத் தானே தூக்கி வந்து ஏறி, ஸ்டவ்வுக்கு நேர் மேலே இருந்த உத்திரத்தை வெள்ளைத் துண்டால் அழுத்தித் துடைத்தார். துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கீழே இறங்கினார்.

"சன்னல் பட்டிகளை எடுக்கக் கூடாது" என்றார்.

"யாரு எடுக்கச் சொன்னா?" என்றாள் அக்கா.

"வென்டிலேட்டரை மூடக் கூடாது."

"மூடினா எனக்குத்தானே கமறும்?"

"விறகு கூடாது. ஸ்டவ்தான். கேஸுக்கு எழுதிப் போடறேன்."

அக்கா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள். என் அறைக்கு வந்து கட்டிலுக்கடியில் இருந்த தன் பெட்டியை இழுத்துத் திறந்து, புடவைகளை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போனாள்.

மழை விட்டு மேஸ்திரி வந்தபோது அத்தானே சன்னலுக்கடியில் சாக்கட்டியால் கோடு போட்டு வைத்திருந்தார். "நான் அன்னிக்கே சொன்னேன், இதான் சரியான எடம்னு" என்றார் மேஸ்திரி கூச்சமில்லாமல். கல் மேடை எழுந்தது. பெரிய மேசையை மேடையோரமாகத் தள்ளினோம். தோட்டத்துச் சமையற்கட்டைத் துப்புரவாக்கி அத்தான் தன் புத்தக அலமாரியை அங்கே கொண்டு போனார்; மாமரத்தடி, நல்ல காற்று.

நான் கிளம்பும் நாளில் மேடை முழுதாகக் காய்ந்திருந்தது. அக்கா நெத்திலி வறுத்தாள். மூன்று இலை போட்டாள். என்னை ஒரு பக்கம் உட்காரச் சொன்னாள், அத்தானை எதிரே உட்காரச் சொன்னாள். மூன்றாவது இலை முன்னால், அடுப்புக்குப் பக்கத்து நாற்காலியில், அவளே உட்கார்ந்தாள்.

அத்தான் டம்ளர் ரசத்தை உறிஞ்சிவிட்டு, "ஸ்ஸ்... சுடுதே!" என்று நாக்கை நீட்டினார்.

"சுடும்" என்றாள் அக்கா.

அவர் ஊதி ஊதிக் குடித்தார். அப்பளம் நொறுங்கும் சத்தம் கேட்டது. "இன்னும் கொஞ்சம் ஊத்து" என்று டம்ளரை நீட்டினார். அக்கா ஒரு கையால் தன் சோற்றைப் பிசைந்துகொண்டே, இன்னொரு கையை நீட்டி மேடையிலிருந்த சட்டியிலிருந்து ஒரு கரண்டி எடுத்து ஊற்றினாள். எழுந்திருக்கவில்லை.